காப்பு இருந்த பக்கம்

டொக்டர் சுபாங்கனுக்கு இடம் வலம் தெரியாது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கரவெட்டியில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் இங்கிலாந்திலும் படித்து, பதினொரு வருடமாக மனிதர்களின் வயிற்றைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிற சத்திரசிகிச்சை நிபுணர் அவர். வயது நாற்பத்திரண்டு. தன்னுடைய வலக்கை எது என்று அவருக்குத் தெரியும், அதில் குழப்பமில்லை. எதிரே ஒருவர் வந்து நின்றால்தான் வில்லங்கம். அந்த ஆளின் வலது எது என்று சொல்ல அவருக்கு அரை நொடி வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மருத்துவ மாணவனாக இருந்த காலத்தில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நமது ஊர்களில் கௌரிக்காப்பு விரதம் முடிகிற அன்று கோயிலில் ஐயர் மணிக்கட்டில் நூல் கட்டிவிடுவார். ஆண்களுக்கு வலக்கையில், பெண்களுக்கு இடக்கையில். ஐப்பசியில் கட்டிய அந்த மஞ்சள் நூல் குளிப்பிலும் தோட்ட வேலையிலும் மண்ணிறமாகிப் பல பேருடைய கையில் அடுத்த ஐப்பசி வரைக்கும் கிடக்கும். வாட்டில் பத்து ஆண்கள் படுத்திருந்தால் ஆறு பேருக்காவது அது இருக்கும். நூலைப் பார்த்தால் வலது தெரிந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். சுபாங்கன் இதை ஒருவருக்கும் சொன்னதில்லை, மனைவி பத்மாசினிக்கு மட்டும் ஒரு தடவை சொன்னார். அவள் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறவள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பேந்து நீங்கள் இங்கிலாந்திலை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"அங்கை நித்திரை கொண்டனான்," என்றார் சுபாங்கன்.

அது பகிடிக்குச் சொன்ன பதில் அல்ல. அங்கே இரவு வேலை செய்தவனை மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தூங்கி எழுந்த மூளைக்கு அரை நொடி யோசிப்பது பெரிய காரியமில்லை. இங்கே கதை வேறு.

அவர் வேலை செய்தது குடாநாட்டில் ஓர் ஆதார வைத்தியசாலையில். பெயர் எதற்கு, நான்கு வாட்டும் ஒரு தியேட்டரும் வாசலில் ஒரு வேப்பமரமும் உள்ள இடம். முன்பு அங்கே மூன்று சத்திரசிகிச்சை நிபுணர்கள் இருந்தார்கள். நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் ஒருவர் அவுஸ்திரேலியாவுக்குப் போனார். அடுத்த வருடம் மற்றவரும் போனார். மூன்று பேருடைய இரவுகளும் சுபாங்கனின் தலையில் விழுந்தன. வாரத்தில் ஏழு இரவும் அவருடையவை. விபத்து, வெடித்த அப்பெண்டிக்ஸ் என்கிற குடல்வளரி, கத்திக்குத்து, பனையிலிருந்து விழுந்தவர் என்று எது வந்தாலும் குவாட்டர்ஸில் போன் அடிக்கும். விடிந்ததும், முன்கூட்டித் திகதி கொடுத்த நோயாளிகள் வெறும் வயிற்றோடு வரிசையாகப் படுத்திருப்பார்கள். அவர்களுக்கு இரவு நடந்தது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஊர் அவரைக் கொண்டாடியது. அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. ஒருநாள் காலை அவர் உடுவிலில் இருக்கிற தன் வீட்டுக்குப் போகும்போது, மருதனார்மடச் சந்தியில் சந்தைக்கு முன்னால் காரை நிறுத்தி ஒரு லொறிக்கு வழி விட்டார். லொறி போய்விட்டது. கார் போகவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்துப் பார்த்துக் களைத்த பிறகு, கத்தரிக்காய் விற்கிற பெண் ஒருத்தி வந்து கண்ணாடியில் தட்டினாள். டொக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண் அரைவாசி திறந்திருக்க, நல்ல நித்திரை. இந்தச் சங்கதி ஒரு கிழமைக்குள் குடாநாடெங்கும் பரவியது. எப்படிப் பரவியது என்கிறீர்கள்? "எங்கடை டொக்டர் எங்களுக்காக நித்திரையே கொள்ளுறேல்லை" என்று. ஒரு லொறிச் சாரதி அப்படித் தூங்கியிருந்தால் அடித்தே கொன்றிருப்பார்கள். அறுவைக் கத்தி பிடிக்கிறவர் தூங்கியது அவர்களுக்குப் பெருமையாக இருந்தது.

சுபாங்கனுக்கும் அந்தப் பெருமை உள்ளூரப் பிடித்திருந்தது. பொய் சொல்லக்கூடாது.

தொடர்ந்து நித்திரையில்லாத மூன்றாம் நாள் தண்ணீர் வரும். தியேட்டருக்குள் நுழையும்போது தரை முழுக்கக் கணுக்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர் நிற்கும். மழை பெய்து ஓய்ந்த பிறகு வயலில் நிற்குமே, அதுபோல அசையாத தண்ணீர். தண்ணீர் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களின் செருப்புகள் நனைவதில்லை என்பதையும் காண்பார். ஆனாலும் வாசற்படியில் காலைச் சற்று உயரத் தூக்கித்தான் வைப்பார். தியேட்டர் சிஸ்டர் கமலாவதி இதைக் கவனித்து, சேருக்கு முழங்கால் வருத்தம் என்று முடிவுகட்டி, ஒரு போத்தல் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தத் தண்ணீருக்குள் நின்று வேலை செய்வது சுகமாகக்கூட இருக்கும். மேலே விளக்கு மெல்ல மெல்லப் பெரிதாகும். கருவிகள் தட்டில் விழுகிற சத்தம் எங்கோ கோயில் மணி போலத் தூரத்தில் கேட்கும். ஊசி தோலுக்குள் போய் வெளியே வருகிற இடைவெளியில் ஒரு முழுப் பின்னேரம் கழிந்துவிடும். அந்தப் பின்னேரத்தில் அவர் பருத்தித்துறைக் கடற்கரையில் நடப்பார், மகளுக்குச் சைக்கிள் ஓடப் பழக்குவார், யாரோ ஒருவரோடு நீண்ட நேரம் கதைப்பார். பிறகு கமலாவதி "சேர்" என்பார். குனிந்து பார்த்தால் முடிச்சு சரியாக விழுந்திருக்கும். கை தன்பாட்டில் வேலை செய்திருக்கிறது. அதைப் பார்த்து அவர் பயந்திருக்க வேண்டும். அவரோ, என் கைக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தார்.

எப்படி வெட்டுவது என்பது கைக்குத் தெரியும், மெய்தான். எங்கே வெட்டுவது என்பதைத் தலை அல்லவா சொல்ல வேண்டும்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. திங்கள் இரவு ஒரு பிள்ளையின் குடல்வளரி. செவ்வாய் இரவு மோட்டார் சைக்கிளில் வந்து மாட்டில் மோதிய இரண்டு பொடியன்கள். ஒருவனுக்கு மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க இரத்தம். அவனை மூடி முடிக்கும்போது புதன் விடிந்து ஆறே முக்கால். பையன் பிழைத்தான். சுபாங்கன் முகத்தைக் கழுவி, ஒரு தேத்தண்ணியும் இரண்டு கிறீம்கிறேக்கர் பிஸ்கற்றும் சாப்பிட்டு, கதிரையில் பத்து நிமிடம் கண்ணை மூடினார். வழமையாகக் காலையில் வாட்டைச் சுற்றி, அன்று சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களின் உடம்பில் தானே ஊதாப் பேனையால் அடையாளம் போடுவார். அன்று போகவில்லை. தியேட்டரிலேயே போட்டால் போயிற்று என்று நினைத்தார்.

அன்றைய முதல் ஆள் நமசிவாயம். மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் தோட்டம் செய்கிறவர், ஐம்பத்தெட்டு வயது. வலது பக்க அடிவயிற்றில் ஹேர்னியா, குடலிறக்கம். இருமினால் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தள்ளும், படுத்தால் உள்ளே போய்விடும். மூன்று மாதத்துக்கு முன்பு கிளினிக்கில் பார்த்து, உருளைக்கிழங்கு நடுகைக்கு முன்னால் செய்துவிட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டபடி திகதி கொடுத்திருந்தார்கள். மனைவி பாலேஸ்வரி டொக்டருக்கென்று கதலி வாழைப்பழச் சீப்பு ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து, கட்டிலடியில் வைத்திருந்தார்.

அன்று காலை வாட்டில் நடந்ததைச் சுபாங்கன் பிறகுதான் கேட்டு அறிந்தார். நமசிவாயத்தின் கையில் சேலைன் ஏற்ற ஊசி போட வேண்டும். இடக்கையில் இரண்டு தரம் குத்திப் பார்த்தும் நரம்பு பிடிபடவில்லை. கடைசியில் வலது மணிக்கட்டில்தான் ஒரு நல்ல நரம்பு கிடைத்தது, ஆனால் அந்த இடத்தில் காப்பு நூல் கிடந்தது. ஜெசிதா என்ற தாதி அப்போது வேலையில் இருந்தாள். கத்தோலிக்கப் பிள்ளை, வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான். மற்றவர்கள் என்றால் கத்தரிக்கோலால் நறுக்கி, நோயாளியின் சட்டைப்பையில் போட்டுவிடுவார்கள். தன்னுடைய சமயம் அல்லாததால் அவள் இன்னும் கவனமாக இருந்தாள். நகத்தால் முடிச்சை மெல்ல மெல்ல நெகிழ்த்தி, அறாமல் அவிழ்த்தெடுத்தாள்.

"ஐயா, இதை மற்றக் கையிலை கட்டிவிடட்டே? வெறுங்கையோடை தியேட்டருக்குப் போகவேண்டாம்," என்றாள்.

நமசிவாயம் ஒரு கணம் யோசித்தார். ஆம்பிளைகளுக்கு இடக்கையில் கட்டுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை.

"கட்டு பிள்ளை. அம்மனுக்கு ரெண்டு கையும் ஒண்டுதான்," என்றார்.

அவள் இடது மணிக்கட்டில் நூலைக் கட்டி, அவிழாமலிருக்க மேலே நூல் வெளியே தெரிகிற பிளாஸ்டர் ஒட்டினாள். அந்தக் காலையில் அந்த வைத்தியசாலையில் நடந்த மிக அன்பான காரியம் அதுதான் என்று இன்றைக்கும் நான் சொல்வேன். அதில்தான் வினை வந்தது.

எட்டரைக்குச் சுபாங்கன் தியேட்டர் வாசலில் காலைத் தூக்கி வைத்தார். தண்ணீர் அன்று கணுக்காலுக்கும் மேலே நின்றது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்திருந்ததால் நமசிவாயம் விழித்தபடி படுத்திருந்தார். இரண்டு கைகளும் இரண்டு பலகைகளில் விரிந்து கிடந்தன. மார்புக்கு மேல் ஒரு பச்சைத் துணித் திரை, முகம் தெரியாது. படுத்தபடியால் ஹேர்னியாவும் உள்ளே போயிருந்தது. இரண்டு பக்கமும் பார்வைக்கு ஒன்றுதான்.

கமலாவதி அட்டையைப் பார்த்து வாசித்தார். அவரும் முதல்நாள் பின்னேரம் வந்தவர்தான், வீட்டுக்குப் போகவில்லை.

"நமசிவாயம். ஐம்பத்தெட்டு. வலது பக்க ஹேர்னியா. சரியோ, சேர்?"

"ஓம். வலது," என்றார் சுபாங்கன்.

வாய் வலது என்றது. கண் மணிக்கட்டைத் தேடியது. நூல் தெரிந்தது. கால்கள் தண்ணீரை விலக்கிக்கொண்டு நூல் இருந்த பக்கத்துக்குப் போய் நின்றன. ஊதாப் பேனையால் அவர் ஓர் அம்புக்குறி போட்டார், நேரான, வடிவான அம்புக்குறி. கமலாவதி குனிந்து நின்று ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தார். மருந்து பூசினார்கள், துணி விரித்தார்கள், கத்தி கைக்கு வந்தது.

மூன்று அங்குலத்துக்குத் தோல் திறந்தது. கொழுப்பு, அதற்குக் கீழே மெல்லிய படலம். எல்லாம் சுகமாக, தூரத்து மணிச் சத்தத்தோடு நடந்தது. எங்கோ ஒருவர் வெண்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறுகிற சத்தம் கேட்டது. வெண்ணிறத் தசைநார் வெளியே தெரிந்தபோது அதற்குப் பின்னால் எந்தப் புடைப்பும் இல்லை. நல்ல, உறுதியான, பழுதில்லாத உடம்பு. சுபாங்கன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு வடிவான தசையை ஏன் திறந்தோம் என்று ஏதோ மாதிரி இருந்தது.

"ஐயா, ஒருக்கா இருமுங்கோ," என்றார்.

திரைக்கு அந்தப் பக்கம் நமசிவாயம் இருமினார்.

திறந்திருந்த இடத்தில் ஒன்றும் அசையவில்லை. மறுபக்கத்தில், மூடியிருந்த பச்சைத் துணிக்கு அடியில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ ஒன்று எழும்பி அடங்கியது.

"இன்னொருக்கா இருமட்டோ, டொக்டர்?" என்று கேட்டார் நமசிவாயம்.

"வேண்டாம் ஐயா. காணும்."

தண்ணீர் முழுவதும் ஒரே நொடியில் வற்றிப்போயிற்று. தரை வெறும் தரையாக, விளக்கு வெறும் விளக்காக இருந்தது. கமலாவதியும் பார்த்துவிட்டார். முகமூடிக்கு மேலே இரண்டு பேருடைய கண்களும் சந்தித்தன. மயக்க மருந்து டொக்டர் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் தன் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். சுபாங்கனுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, வெட்கம். முதலாம் வகுப்புப் பொடியன் போல இடம் வலம் தெரியாமல் நின்றுவிட்டோமே என்ற வெட்கம். அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. வெட்டியது ஒரு மனிதனின் பழுதில்லாத பக்கத்தை.

கமலாவதி அருகே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சேர், உதைத் தைச்சுப்போட்டு மற்றப் பக்கத்தையும் இப்பவே செய்துவிடுவம். விறைப்பு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குக் காணும். இந்தப் பக்கமும் பலவீனமாத்தான் இருந்தது, ரெண்டையும் பாத்து விட்டனாங்கள் எண்டு சொன்னால் முடிஞ்சுது. ஆர் கேக்கப்போயினம்?"

யாரும் கேட்கமாட்டார்கள், உண்மை. பாலேஸ்வரி கும்பிட்டுவிட்டு வாழைப்பழத்தை நீட்டுவார். ஊரில், எங்கடை டொக்டர் ஒரே நாளில் இரண்டு பக்கமும் பார்த்தார் என்று சொல்வார்கள். சுபாங்கன் அதை ஒரு நிமிடம் விரும்பினார். கையைப் பார்த்தார். அந்தக் கை இப்போதும் தயார், எந்தப் பக்கத்தையும் வெட்டும். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"தைக்கிறதுக்கு நூல் தாங்கோ, சிஸ்டர். மற்றதை நான் இண்டைக்குத் தொடமாட்டன். லிஸ்டிலை இருக்கிற எல்லாருக்கும் சாப்பாடு குடுக்கச் சொல்லுங்கோ," என்றார்.

ஒவ்வொரு தையலாக எண்ணி எண்ணித் தைத்தார். அந்த நேரத்தில் கடற்கரையும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு வாட்டுக்குப் போனார். நமசிவாயத்துக்குக் கால் விறைப்பு விட்டிருந்தது. பாலேஸ்வரி பக்கத்துக் கதிரையிலிருந்து எழும்பி, சிரித்த முகத்தோடு வாழைப்பழச் சீப்பைக் கையில் எடுத்தார். அதைக் கண்டதும் சுபாங்கனுக்கு, சொல்ல நினைத்த வசனங்கள் எல்லாம் போய்விட்டன.

"ஐயா, நான் பிழை விட்டிட்டன். மாறிப் பக்கத்திலை வெட்டிப்போட்டன். உங்கடை ஹேர்னியா இன்னும் அப்பிடியே இருக்குது. கண்டவுடனை நிப்பாட்டித் தைச்சனான். வெட்டின பக்கத்துக்கு ஆபத்து ஒண்டுமில்லை, காயம் ஆறும். ஆனால் உது நடந்திருக்கக்கூடாது. எனக்கு மன்னிப்புக் கேக்கிறதுக்குக்கூட வாய் வரேல்லை," என்றார்.

நமசிவாயம் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"எப்பிடி மாறினது?" என்று கேட்டார்.

சுபாங்கன் நூலைப் பற்றிச் சொன்னார். மனைவியைத் தவிர ஒருவருக்கும் சொல்லாத விஷயம், வாழ்க்கையில் இரண்டாம் தடவையாகச் சொன்னார். மருந்துத் தட்டோடு அந்தப் பக்கம் வந்த ஜெசிதா அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"உங்களிலை ஒரு பிழையும் இல்லை, மிஸி," என்றார் சுபாங்கன் அவளிடம். "நூலைப் பாத்து ஆளை வெட்டுறவனிலைதான் பிழை."

"டொக்டர், நீங்கள் கடைசியா எப்ப நித்திரை கொண்டனீங்கள்?" என்றார் நமசிவாயம்.

சுபாங்கன் நினைத்துப் பார்த்தார். புதன், செவ்வாய், திங்கள் என்று பின்னால் போனார். ஞாயிறும் போன் அடித்தது. சனிக்கிழமை எங்கே இருந்தோம் என்பதே ஞாபகத்துக்கு வரவில்லை.

"தெரியேல்லை, ஐயா."

அதற்குப் பாலேஸ்வரிதான் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"நித்திரை இல்லாட்டி இல்லையெண்டு சொல்லுறதுக்கு என்ன? நாங்கள் மூண்டு மாதம் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள், இன்னும் மூண்டு நாள் இருக்கமாட்டமே? உங்களை நம்பித்தானே இந்த மனிசனைத் தந்தனான்," என்றார். கையிலிருந்த சீப்பைக் கொண்டுபோய், பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிழவரின் மேசையில் வைத்தார். "இந்தாங்கோ அப்பு, சாப்பிடுங்கோ."

அது சுபாங்கனுக்கு எந்த விசாரணைக் கடிதத்தையும்விட வலித்தது.

யாழ்ப்பாணத்தில் வேறு ஒருவரிடம் ஏற்பாடு செய்து தருகிறேன் என்று அவர் சொன்னபோது நமசிவாயம் தலையை ஆட்டினார்.

"அங்கையும் ஆரோ ஒருத்தர் நித்திரை இல்லாமல்தானே நிப்பார். உண்மையைச் சொல்லுறாரோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்? நீங்கள் போய் நித்திரை கொண்டிட்டு வந்து நீங்களே வெட்டுங்கோ. கிழங்கு பிந்தினால் பிந்தட்டும்."

அன்றிரவு வைத்தியசாலை அத்தியட்சகரிடம் சொல்லிவிட்டுச் சுபாங்கன் உடுவிலுக்குப் போனார். பதினாறு மணித்தியாலம் தூங்கினார். பத்மாசினி இரண்டு தரம் மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். வெள்ளிக்கிழமை காலை வாட்டுக்குப் போய், நமசிவாயத்தை எழுப்பி நிற்கவைத்து, இருமச் சொல்லி, வலது பக்கத்தில் தன் கையால் அம்புக்குறி போட்டார். ஜெசிதா பார்த்தாள், கமலாவதி பார்த்தார், பாலேஸ்வரியும் பார்த்தார். சத்திரசிகிச்சை நாற்பது நிமிடம். தரையில் தண்ணீர் இல்லை.

நடந்ததை அவரே எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். இத்தனை இரவுகளை ஒரு மனிதனால் செய்ய முடியாது என்பதையும் எழுதினார். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. எதிர்காலத்தில் கூடுதல் கவனத்துடன் கடமையாற்றுமாறு அதில் கேட்டிருந்தார்கள். இரவுகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கடிதம் எழுதியவர் நன்றாகத் தூங்கி எழுந்து எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன், எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

சுபாங்கன் தனக்கு ஒரு சட்டம் வைத்தார். இரவு இரண்டு மணிக்கு மேல் தியேட்டரில் நின்றால் மறுநாள் காலைச் சத்திரசிகிச்சை லிஸ்ட் இல்லை. மாசி வரைக்கும் அதைக் காப்பாற்றினார். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் முணுமுணுத்தார்கள். முன்பு இந்த டொக்டர் இப்படி இல்லை, இப்போது சொகுசு பார்க்கிறார் என்று சந்தையில் கதைத்தார்கள். கிளினிக்கில் திகதிகள் ஆறு மாதத்துக்குத் தள்ளிப்போயின. ஒரு தாய், குழந்தையின் கட்டியைக் காட்டி, எப்ப டொக்டர் எப்ப டொக்டர் என்று கேட்டாள். மனம் இளகிச் சட்டத்தை ஒரு நாள் தளர்த்தினார். பிறகு இன்னொரு நாள். ஆவணி பிறக்கும்போது எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இந்த முறை அம்புக்குறியை மட்டும் விடிகாலையிலேயே போய்ப் போட்டார். நூலைப் பார்ப்பதில்லை. தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

மறுபடியும் ஐப்பசி வந்து, விரதம் முடிந்து நாலாம் நாள். கிளினிக்கில் நாற்பது பேர் வரிசையில் இருந்தார்கள். பதினேழாவதாக உள்ளே வந்தது பாலேஸ்வரி. பின்னால் நமசிவாயம், நிமிர்ந்த நடையோடு.

"வருத்தம் ஏதும்?" என்று சுபாங்கன் எழும்பினார்.

"இவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூட்டை தூக்கவேண்டாம் எண்டாலும் கேக்கமாட்டார்," என்றார் பாலேஸ்வரி. கைப்பையைத் திறந்து வெற்றிலையில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்தார். "கோயிலிலை ரெண்டு காப்புக் கூட வாங்கினனான். ஒண்டு கனடாவிலை இருக்கிற மகனுக்கு, தபாலிலை போட்டாச்சு. மற்றது உங்கடை பேரைச் சொல்லி வாங்கினது. கையைத் தாங்கோ, தம்பி."

வாழைப்பழச் சீப்பு கைமாறிய நாளிலிருந்து இந்தப் பெண் தன்னோடு பேசியதில்லை. ஒரு வருடமாக, எந்த வேலைக்கு நடுவிலும், அந்த முகம் அவருக்கு வந்து வந்து போயிருக்கிறது. சுபாங்கன் கையை நீட்டினார்.

பாலேஸ்வரி நூலை எடுக்கவில்லை. நீட்டிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நமசிவாயமும் பார்த்தார். மூலையில் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த ஜெசிதாவும் நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று சுபாங்கனுக்கு உடனே விளங்கவில்லை.

அவர் நீட்டியிருந்தது இடக்கை.

"மற்றக் கை, தம்பி," என்றார் பாலேஸ்வரி மெல்ல.

முன்பெல்லாம் மற்றவர்களின் கைதான் அவருக்கு மாறும். இப்போது தன் கையும் மாறிவிட்டது. சுபாங்கன் வலக்கையை நீட்டினார். பாலேஸ்வரி மஞ்சள் நூலைச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு, ஒவ்வொன்றையும் இழுத்து இறுக்கினார்.

"இதை மூண்டு நாளைக்கு அவிழ்க்கப்படாது."

"அம்மா, காப்போடை தியேட்டருக்குள்ளை போகேலாது. கை கழுவேக்கை ஒண்டும் இருக்கக்கூடாது. இதைக் கட்டிக்கொண்டு என்னாலை வெட்டேலாது."

"தெரியும்," என்றார் பாலேஸ்வரி. "இந்த மிஸிப் பிள்ளையிட்டை முதலே கேட்டுப்போட்டுத்தான் கொண்டந்தனான்."

ஜெசிதா கோப்புகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நமசிவாயம் வெளியே பார்த்தபடி, "நாங்கள் வாறம், டொக்டர்," என்றார். இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

மேசையில், கைக்கெட்டும் தூரத்தில், தட்டில் ஒரு கத்தரிக்கோல் கிடந்தது. சுபாங்கன் அதைப் பார்த்தார். வெளியே இன்னும் இருபத்துமூன்று பேர் இருந்தார்கள். அவர்களையெல்லாம் ஒருவர் விடாமல் பார்த்து முடித்தார், அதற்குக் கத்தி வேண்டியதில்லை. பிறகு போனை எடுத்து அத்தியட்சகரைக் கூப்பிட்டு, மூன்று நாளைக்குத் தன்னால் வெட்ட முடியாது, அவசரமென்றால் அம்புலன்ஸில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்புங்கள் என்றார்.

"என்ன, காய்ச்சலே?" என்று கேட்டார் அத்தியட்சகர்.

"இல்லை. கையிலை காப்புக் கட்டியிருக்கு."

அத்தியட்சகரும் விரதக்காரர்தான். நித்திரையில்லை என்று சுபாங்கன் எத்தனையோ தரம் அவருக்குச் சொல்லியிருக்கிறார், அப்போதெல்லாம் அவரிடம் நூறு பதில்கள் இருந்தன.

"சரி. அவிழ்க்கவேண்டாம்," என்றார்.

உடுவில் வீட்டில் மத்தியான வெய்யில் யன்னலால் விழுந்துகொண்டிருந்தது. பத்மாசினி பள்ளிக்கூடத்தால் இன்னும் வரவில்லை. சுபாங்கன் போனை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, வலக்கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துப் படுத்தார். நூலில் மஞ்சள் மணத்தது. கொஞ்ச நேரத்தில் கட்டிலைச் சுற்றித் தண்ணீர் வந்தது. இந்த முறை அவர் காலைத் தூக்கவில்லை.